அன்று வெயில் இல்லை

அன்று வெயில் இல்லை, அப்பா.

நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான். மாசி மாதத்துக் காலை, ஆறரை மணி இருக்கும், வானம் முழுக்க மூட்டம். என்னை நேராகவே கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

இன்று மாலை பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வரும்போது ரஹீம் பாயின் பட்டறையைத் தாண்டினேன். பெயிண்ட் தின்னர் வாசனை தெரு வரை வந்தது. உள்ளே ஒரு புதுக் கார் நின்றது. மினுக்கும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு வண்டி முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி மூடியிருந்தார்கள். முன்பக்க கிரில், கதவுப் பிடி, ஜன்னலைச் சுற்றி ஓடும் பட்டை எல்லாம் கறுப்பாகிக் கொண்டிருந்தன.

"இப்ப இதாம்மா ஃபேஷன். மினுக்குதுன்னு வாங்கறாங்க, மறுவாரமே மறைக்கச் சொல்லிக்கினு வராங்க," என்று பாய் சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "உங்கப்பா அப்பவே பண்ணாரு. நாந்தான் கிண்டல் பண்ணிக்கினு இருந்தேன்," என்றார்.

நானும் சிரித்துவிட்டு வந்தேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த வாசனை இன்னும் என்னை உங்கள் வண்டியின் முன்சீட்டில்தான் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

உங்கள் வெள்ளை அம்பாசிடரை இந்த ஊரில் அடையாளம் சொல்ல எண் தேவைப்பட்டதில்லை. கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போன வண்டி. முகூர்த்தத்துக்குப் பூ கட்டிக்கொண்டு நின்ற வண்டி. தறி வீடுகளில் வெட்டிப் போட்ட பட்டுக் கழிவை வாங்கி வந்து உருண்டையாக்கி, தினமும் காலையில் பம்பர், விளக்கு வளையம், பானெட்டின் நடுவில் ஓடும் பட்டை என்று ஒவ்வொன்றாகத் தேய்ப்பீர்கள். பட்டு பட்டால் க்ரோம் பூச்சு கீறாது என்பது உங்கள் நம்பிக்கை. "வீட்ல கண்ணாடி எதுக்கு? அந்த பம்பர்ல பாத்தே பொட்டு வச்சிக்கறேன்," என்று அம்மா உள்ளேயிருந்து சொல்வாள். "நல்லா தெரியும், வந்து வச்சிக்கோ," என்பீர்கள் நீங்கள்.

அந்த மாசிக்கு முந்தைய கார்த்திகையிலிருந்தே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அகல் வரிசையைப் பார்த்து, "ஒவ்வொரு விளக்கையும் சுத்தி வளையம் வளையமா தெரியுதுமா, வானவில்லு மாதிரி. அழகா இருக்குது," என்றீர்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. பிறகு இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பு இரண்டு முறை கவிழ்ந்தது. வண்டியை இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் நீங்கள் முழு முகத்தையும் திருப்பத் தொடங்கினீர்கள். நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தை எடுத்துக் கண் பற்றிய பக்கம் வரை போய், மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் அந்தக் காலை. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபுறமும் ஆட்கள் நின்று சிக்கெடுப்பார்கள். அப்படிப் பாவு நீட்டியிருக்கிற தெருவில் வண்டி நுழையக்கூடாது. இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவன் முதலில் கற்பது அதுதான். நம் சந்திலிருந்து இடப்பக்கம் திரும்பினீர்கள். மாணிக்கம் சித்தப்பா வீட்டுப் பாவு, அரக்குச் சிவப்பு, முகூர்த்தச் சேலைக்கானது, கண்ணெதிரே கிடந்தது. எனக்குத் தெரிந்தது. உங்களுக்கும் தெரிகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு நொடியில் பானெட் அதற்குள் போய்விட்டது. பெரிய சத்தம் இல்லை. இழைகள் வரிசையாக விட்டுப்போகும் சின்னச் சத்தம் மட்டும்.

சித்தப்பா நமக்குச் சொந்தமில்லை. ஆனால் உங்களை அண்ணே என்று கூப்பிட்டே வளர்ந்தவர். அன்று அறுந்த இழைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"கண்ண எங்கண்ணே வச்சிக்கினு வந்த? இருவது வருசமா இந்தத் தெருவுல ஓட்டற ஆளு நீ."

"க்ரோம்ல வெயில் பட்டுக் கூசிடுச்சுடா மாணிக்கம். ஒண்ணுமே தெரியல."

"ஏது வெயிலு?" என்று சித்தி வானத்தைப் பார்த்தாள்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. முன்னாடிதான உக்காந்துக்கினு இருந்த. கூசுச்சா?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. தோள் துண்டால் பானெட்டின் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. ஒரு ஓட்டுநருக்குக் கண் சரியில்லை என்று நடுத்தெருவில் சொல்லிவிட்டால் அதை மறுபடி வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாது என்று எனக்குத் தோன்றியது. வண்டியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களை ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன்.

"ஆமா சித்தப்பா. கூசுச்சு. எனக்கும்."

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

"படிக்கிற பொண்ணு. அது ஏன் பொய் சொல்லப்போவுது," என்றார் சித்தப்பா. கோபம் இறங்கிவிட்டது. "சரிண்ணே, அந்த மினுக்கத்த எடுத்துடு. இன்னிக்கு நூலு. நாளைக்கு ஒரு கொழந்த குறுக்க வந்தா?"

"எடுத்துடறேன்," என்றீர்கள்.

அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு முடிக்க உச்சிப்பொழுது ஆயிற்று. நானும் சித்தியோடு உட்கார்ந்து முடிச்சுப் போட்டேன். சித்தப்பாவின் கடைசி வாக்கியம் மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

சொன்ன சொல்லுக்காக அந்த வாரமே, மினுக்கும் இடங்களுக்குக் கறுப்படிக்கச் சொல்லி, வண்டியைப் பட்டறையில் விட்டீர்கள். நானும் வந்தேன். ரஹீம் பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னாண்ணே, வண்டிக்கு மாலை போட்டுட்டீங்களா? சபரிமலைக்குக் கூட்டிக்கினு போறீங்களா?" நீங்கள் சிரித்தீர்கள். பாய் பம்பரைத் தட்டிக் காட்டினார். "க்ரோம் மேல பெயிண்ட் சும்மா நிக்காதுண்ணே. தேச்சிட்டுதான் அடிக்கணும். தேச்சா அப்புறம் அந்தப் பழைய மினுக்கம் வராது. யோசிச்சிக்கோங்க."

"யோசிச்சாச்சு பாய்."

உப்புத்தாளை அவரிடமிருந்து நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். பட்டுக் கழிவால் அத்தனை வருடம் தேய்த்த அதே பம்பரை, அதே கையால், கரகரவென்று தேய்த்தீர்கள். பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து நின்றேன். இப்போது சொல்லிவிடலாம், இன்னும் விளக்கு வளையங்கள் பாக்கி இருக்கின்றன, இப்போது சொன்னால் அவையாவது மிஞ்சும் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் நிற்கும்வரை நினைத்துக்கொண்டே நின்றேன். பானெட்டின் நடுப்பட்டையை மட்டும் கறுப்படிக்க உங்களுக்கு மனம் வரவில்லை. திருகாணிகளைக் கழற்றி எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தீர்கள். "உள்ள வை," என்றீர்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாய்யா இது, துக்கம் கேக்கப் போற வண்டி மாதிரி. கல்யாணத்துக்கு எவன் கூப்புடுவான்?"

"ஃபேஷன்மா. உனக்குத் தெரியாது," என்றீர்கள்.

அன்றிலிருந்து நான் உங்களைத் தனியே விடவில்லை. நூலகம், தோழி வீடு, தபாலாபீஸ் என்று ஏதாவது ஒரு காரணம் வைத்திருந்தேன். சவாரி ஏற்றும் இடம் வரையிலாவது முன்சீட்டில் இருப்பேன். மடியில் புத்தகம். கண் இடப்பக்கம். "அந்தப் பூக்கூடை எவ்ளோ பெருசுப்பா," என்பேன். "சைக்கிள்காரர் நம்ம சித்தப்பா மாதிரியே இருக்காரில்ல," என்பேன். நீங்கள் 'ஆமா' என்றபடி ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடிப்பீர்கள். நான் இல்லாத சவாரிகளில் நீங்கள் திரும்பி வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. தெருவில் ஏதாவது குழந்தை ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன்.

வெயில் ஏறியது. வண்டி உள்ளே கொதித்தது. ஒரு நாள் சாலையிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னீர்கள்: "அந்தப் புஸ்தகத்துல பக்கமே திரும்பமாட்டேங்குது போலக்குது."

"கஷ்டமான புஸ்தகம்ப்பா."

"ம். மெதுவா படி."

அப்போதே உங்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியும் என்று. ஆனாலும் இருவரும் அடுத்த மாதத்துக்குள் போனோம், அதற்கடுத்த மாதத்துக்குள்ளும்.

ஆவணியில் கூரம் போகும் சாலையில் நல்ல பகல் வெளிச்சம். நான் எதையோ யோசித்துக்கொண்டு ஒரு கணம் சும்மா இருந்துவிட்டேன். இடப்பக்கம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். வண்டியின் காற்றில் அவள் முந்தானை அசைந்தது. அவ்வளவு பக்கம். "ப்பா," என்று மட்டும் என் வாயில் வந்தது. நீங்கள் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தீர்கள். சாவியை உருவி என் மடியில் புத்தகத்தின் மேல் வைத்தீர்கள்.

"எறங்கும்மா. பஸ்ல போலாம்."

மறுவாரம் சென்னையில் கண் மருத்துவர் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது என்றீர்கள். எத்தனை நாளாக என்றார். கார்த்திகை என்றீர்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கலாம் என்றார். "ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இருந்ததையாவது காப்பாத்தியிருக்கலாம். ஏன் வரல?"

ஆறு மாதம் முன்னால் என்பது மாசி.

"வெயில் கூசுதுன்னு நெனச்சோம் சார்," என்றீர்கள்.

நெனச்சேன் என்று நீங்கள் சொல்லவில்லை. நெனச்சோம் என்றீர்கள். என்னை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளச் சொன்னதா, இல்லை நான் என்ன செய்தேன் என்று மெல்லச் சுட்டியதா என்று உங்களிடம் கேட்க எனக்கு அதன்பின் நான்கு வருடங்கள் இருந்தன. அதையும் கேட்கவில்லை.

பானெட் பட்டை என் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கிறது. செய்தித்தாளைப் பிரித்தால் இன்னும் முகம் தெரியும். எந்த வண்டியில் ஏறினாலும் நான் இடப்பக்க ஜன்னலைத்தான் பிடிக்கிறேன். சைக்கிள், பூக்கூடை, குழந்தை என்று உதடு தானாக முணுமுணுக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ சுலோகம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்னை போய் வந்த பிறகு வந்த தை மாதம் உங்கள் இடது கண் முழுவதும் போயிற்று. அடுத்த ஆடிக்குள் வலது கண்ணும் போயிற்று.