மூடி திறக்காத டப்பா

தென்காசி
ஜூலை 6, ஞாயிறு

அன்பு மகன் காஜாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கை அஃப்ஷானும் சுகம். சுகம் என்ற சொல்லை இந்த முறை யோசித்துத்தான் எழுதினேன். போனில் நீ கத்துகிறாய், நானும் கத்துகிறேன், பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால் காகிதம்.

அஃப்ஷானுக்குச் சிறுநீரக நோய் நான்காம் முறையாகத் திரும்பிவிட்டது. சாரல் தொடங்கியதும் உன் மாமி அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள், அருவித் தண்ணீரில் மூலிகை இருக்கிறதாம். சளி பிடித்தது. சளிக்குப் பின்னாலேயே வீக்கம். இமை, கால், வயிறு. மறுபடி தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. அதைத் தின்றால் முகம் உப்பும், பசி அடங்காது. மாத்திரைதான் பிள்ளைய ஊத வைக்குது, நிப்பாட்டிரு ஏட்டி என்கிறாள் மாமி. ஷார்ஜாவிலிருந்து நீயும் அதையே சொல்கிறாய்.

நிறுத்த மாட்டேன். ஒருமுறை நிறுத்தியவள் நான். முதல் தடவை வீக்கம் வடிந்ததும் பொட்டல்புதூர் தர்காவில் நேர்ச்சையை நிறைவேற்றி எல்லாருக்கும் நார்சா இனிப்பு கொடுத்தேன். அதற்குப் பிறகும் மாத்திரை கொடுப்பது அல்லாஹ்வைச் சந்தேகிப்பதுபோல் இருந்தது. மீதி மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன். பதினேழாம் நாள் அவள் காலில் செருப்பு நுழையவில்லை. இதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது தெரிந்துகொள்.

தினமும் காலையில் அவளுடைய முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்க்கிறோம். வெளுத்துத் திரிந்தால் புரதம் போகிறது, தெளிந்து நின்றால் பூஜ்யம். நோட்டில் அவளே எழுதுகிறாள். இன்றோடு மூன்று நாள் பூஜ்யம். இனி மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு டாக்டர் சொல்லச் சொல்லக் குறையும். நோய் திரும்பாமலிருக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்திருக்கிறார், அதற்கு அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். பார்ப்போம். பள்ளியில் அவளைப் பூரி என்கிறார்களாம். பூரிக்கு எண்ணெ வேணும்லே, நான் சும்மாவே உப்புவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது.

லீவில் ஊருக்கு வந்த உன் சிநேகிதன் ரபீக்கிடம் நீ கொடுத்தனுப்பிய மருந்துப் பொடி கிடைத்தது. உன் அறைக்காரர் மகனுக்குக் கேட்டதாம். கேட்டிருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பாவில் ஒரு வரி இல்லை. அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நீ, பயந்துபோய்த்தான் அனுப்பினாய், தெரியும். அதற்காகத் தர முடியாது.

அல்லாஹ் உனக்கு ஆயுளையும் அமைதியையும் தரட்டும். வெயிலில் தண்ணீர் குடி. இந்த முறை நார்சா கடைசி மாத்திரை முடிந்த மறுநாள்தான், அன்று ஊரில் இருக்க லீவு கேட்டு வை. வெள்ளிக்கிழமை ரபீக் புறப்படுகிறான். கடிதத்தோடு டப்பாவும் வருகிறது, மூடி திறக்கவில்லை. அதன் மேல் அஃப்ஷான் பேனாவால் இன்றைய பூஜ்யத்தை எழுதியிருக்கிறாள்.

உன் உம்மா
ஜாஹிரா பீவி