மிச்சம் பிடித்த குளிசைகள்

நீ செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து புறப்பட்டபோது, உன் மகள் பிஸ்கட் பேணியை என் கையில் தந்தாள். "அன்ரி, நீங்கள் ஆஸ்பத்திரியிலதானே வேலை. ஆருக்கும் உதவும், கொண்டு போங்கோ." மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த மருந்து மணம். கனடாவிலிருந்து உன் தமக்கை அனுப்பியவை, வைத்தியர் தந்ததில் நீ மிச்சம் பிடித்தவை, எல்லாம் கிருமிக்குப் போடும் அன்ரிபயோட்டிக் குளிசைகள், கலந்து கிடந்தன. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

இருபது வருடமாக ஆய்வுகூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கிறவள் நான். உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! வயிற்றுக்குள் கிருமிகளின் ஊரே ஒன்று குடியிருக்கிறது, அரைகுறையாக மருந்து போட்டால் நமக்கு உதவுகிற கூட்டம் செத்து, மருந்துக்குப் பழகியது அந்த இடத்தைப் பிடித்துவிடும் என்று. மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டே கேட்பாய். "மூண்டு நாளில சுகமாச்சு. மிச்சம் நாலையும் வீணாக்கிறதே? உனக்கு விசர்." மூக்கொழுகும் தடிமனுக்கு இரண்டு, காய்ச்சலுக்கு இரண்டு என்று அயலுக்கும் அள்ளிக் கொடுப்பாய்.

சலம் எரிந்து, சிறுநீரில் கிருமி என்று உன்னை வார்டில் வைத்தபோது, மாதிரி என் மேசைக்குத்தான் வந்தது. மருந்து வேலை செய்தால், கிருமி வளர்த்த தட்டில் மருந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி செத்த வெறும் வட்டம் தெரிய வேண்டும். ஒன்றில்கூடத் தெரியவில்லை. பாய் விரித்ததுபோல் விளிம்புவரை வளர்ந்திருந்தது. பின்னேரம் உன்னைப் பார்க்க வந்தேன்.

"என்னடி, உன்ரை தட்டில என்ரை பிள்ளையள் என்ன சொல்லுதுகள்?" என்று சிரித்தாய்.

"உன்னைப் போலத்தான். சொல்வழி கேளாததுகள்."

நாலாம் நாள் கிருமி இரத்தத்தில் ஏறி, நீ போய்விட்டாய்.

உன்னை மட்டும் ஏசவும் வாய் வரவில்லை. மருந்துத் தட்டுப்பாடு வந்த நாட்களில், பல்லுக்குத்துத் தாங்காமல் இதே பேணியிலிருந்து நாலு குளிசை வாங்கி விழுங்கியவள்தானே நான்! "ஆய்வுகூட அம்மாவுக்கும் எங்கடை பேணிதான்" என்று எவ்வளவு புளுகமும் பெருமையும் உனக்கு. அன்றைக்கு வேண்டாம் என்றிருக்கலாம். அதை நினைக்க நினைக்க என்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

குளிசைகளை அழிப்பதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். வெறும் பேணி என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன கிழமை காலில் முள் குத்திச் சீழ் பிடித்து, எனக்கு ஏழு நாள் குளிசை. மூன்றாம் நாளே நோவு போய்விட்டது. மிச்சத்தைப் போட்டு வைக்கக் கை தானாகப் பேணி மூடியைத் திறந்தது. "போடி!" என்று உன்னை ஏசிக்கொண்டு மூடினேன்.

நேற்று ஏழாம் நாள். கடைசிக் குளிசையையும் விழுங்கினேன். இனி என்னிடம் மிச்சம் இருப்பது உன்மேல் உள்ள கோபம்தான், அதை மட்டும் முடிக்க மனமில்லையடி.