சத்தமாகப் பேசும் லேப்டாப் வேண்டும்

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் குல்லாய், காலுறை எல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போடமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் நம்புகிறேன்.

வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறவளுக்கு எதற்குத் திடீரென்று கடிதம் என்று பயந்துவிடாதே. நல்ல சமாச்சாரம்தான். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார். மெசேஜ் அனுப்பலாம் என்றால், என் போனை எடுத்துப் படிப்பதுதான் அவருக்கு இப்போது முழுநேர உத்தியோகம். அதனால் மருந்துக்கடையில் மதியம் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, பில் போடுகிற மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் யாராவது இருமல் மருந்து கேட்டு வந்தால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள். கூரியரில் போடுகிறேன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நடக்கப்போகும் ஒரு காரியத்துக்கு முன்னால் நீ இதை முழுசாகப் படித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்தி எனக்குப் போன் பண்ணாதே, மாட்டிக்கொள்வேன்.

போன மாதம் எந்த லேப்டாப் வாங்கலாம் என்று உன்னிடம் கேட்டேன் இல்லையா? நீயும் எட்டு ஜி.பி. இருக்க வேண்டும், அது இருக்க வேண்டும், இது இருக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, இந்த வயதில் உங்களுக்கு எதற்கம்மா லேப்டாப் என்று கடைசியில் கேட்டாய். நான் மழை பெய்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். அவர் பக்கத்தில் இருந்தார், அவர் காதுபடக் காரணத்தை எப்படிச் சொல்ல?

விஷயம் இதுதான். அந்த லேப்டாப் அப்பா பேசுவதற்கு.

ஆமாம், பேசுவதற்கு! ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா தன்னுடைய லேப்டாப்பில் எங்களுக்குக் காட்டினார். எழுத்தைத் தட்டினால் அது வாய்விட்டுப் படிக்கிறது, அதுவும் தமிழில். இதற்கென்று விலை உயர்ந்ததெல்லாம் வேண்டாம், பிள்ளைகள் படிக்க வாங்குகிற சாதாரண லேப்டாப்பே போதும், ஆனால் வாங்குவதற்கு முன்னால் அவரையே உட்கார வைத்துத் தட்டச் சொல்லிப் பாருங்கள் என்றார்.

நீ அப்பாவின் தொண்டை ஆபரேஷனுக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டு ஓட்டல் வேலைக்குத் திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்று நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. நாற்பது வருஷம் காய்கறி மண்டியில் ஏலம் கூவிய மனுஷன், இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவியைக் கொடுத்தார்கள். ஒருநாள் வைத்துப் பார்த்தார், அது மிக்ஸி மாதிரி உறுமியது, எடுத்து மேஜை டிராயரில் போட்டவர்தான். எழுதிக் காட்டச் சொன்னால் கோபம் வருகிறது. போனில் தட்டச் சொன்னால், அவர் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது.

நம் வீட்டில் சண்டை இல்லாத நாள் உண்டா, நீயே சொல். உப்பு அதிகம் என்பதில் ஆரம்பித்து என் தம்பி கல்யாணத்தில் வந்து நிற்கும். இப்போது நான் ஒன்று சொன்னால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். எல்லாச் சண்டையிலும் நானே ஜெயிக்கிறேன், பாப்பு. சகிக்கவில்லை.

சரி, அழுகையை விடு, கடைக்கு வா. முதலில் மருந்துக்கடைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற கடைக்குப் போனோம். அங்கே ஒரு பையன்... பையன் என்ன, மீசையெல்லாம் இருந்தது... விளையாட்டு ஆடலாம், படம் எடிட் பண்ணலாம், இருட்டில் எழுத்து மின்னும் என்று அளந்துகொண்டே போனான். தம்பி, இது சத்தமாகப் பேசுமா என்று கேட்டேன். பாட்டுக் கேட்கவா ஆன்ட்டி என்றான். சண்டை போட என்றேன். அதற்கப்புறம் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அங்கே பார்த்ததில் விலை மலிவானது ஒன்று கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உன் அப்பா ஓங்கித் தட்டினால் கீபோர்டு நடுவில் குழி விழுந்து எழும்புகிறது. திறந்தால் கண் விழிக்கவும் அவ்வளவு நேரம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று திறந்தால், அது எழுந்து வருவதற்குள் கோபமே ஆறிப்போகும். இன்னொன்று நல்ல ஜோராகப் பேசியது. எனக்கு ஒரு சந்தேகம் வந்து, நெட்டை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள் என்றேன். எங்கள் மருந்துக்கடையில் நெட் போனால் பில்லும் போய்விடும், அந்த அனுபவம்தான். நிறுத்தினான். லேப்டாப் கப்சிப். மண்டியில் நெட்டுக்கு எங்கே போவது? அதோடு அது பெண் குரலில்தான் பேசியது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது போதும் என்கிற மாதிரி அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அவ்வளவுதான், இனி கடை வாசலை மிதிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

அவரை மறுபடி கிளப்பியது வெங்காய மாமாதான். ஏலத்தில் தினமும் அப்பாவோடு மல்லுக்கு நின்றுவிட்டு, முடிந்ததும் ஒன்றாக டீ குடிக்கப் போவாரே, அவரேதான். நேற்றுக் காலையில் வேனை வாசலில் நிறுத்தினார். பெரிய கடையில் ஃபிரிட்ஜ் பார்க்க வேண்டும், உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா, விலை பேச எனக்கு வராது என்றார் என்னிடம். பொய்தான். அவருக்கு வராத விலைபேச்சா? உன் அப்பாவுக்கும் அது பொய் என்று தெரியும். ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

பெரிய கடை என்றால் நிஜமாகவே பெரியது. ஒரு சுவர் முழுக்க டி.வி., அந்தக் கோடியில் ஃபிரிட்ஜ், நடுவில் லேப்டாப். கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். அவளிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஆபரேஷனில் இவர் குரல்வளையை எடுத்தாயிற்று, இவருக்குப் பதிலாகப் பேச ஒரு லேப்டாப் வேண்டும், ஆண் குரல் வேண்டும், நெட் இல்லாமல் பேச வேண்டும், மார்க்கெட் இரைச்சலில் கேட்க வேண்டும், சல்லிசாக இருக்க வேண்டும். அவள் கையைத் தட்டி, இருங்க, இருக்கு, மூணு இருக்கு என்று ஓடினாள். அந்த ஓட்டத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

மூன்றையும் வரிசையாக வைத்தாள். அமைதியான கடையில் எல்லாம் நன்றாகத்தான் பேசின. இரைச்சலுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கும்போதே, அவள் ரிமோட்டை எடுத்துச் சுவரில் இருந்த டி.வி. அத்தனையையும் அலறவிட்டாள்! ஒன்றில் பாட்டு, ஒன்றில் பந்தயம், ஒன்றில் யாரோ யாரையோ திட்டுகிறார்கள். மேனேஜர் ஓடி வந்தார். வெங்காய மாமா அவர் தோளில் கைபோட்டு ஃபிரிட்ஜ் பக்கம் தள்ளிக்கொண்டு போய், அங்கேயே நின்றுகொண்டு, கேட்கிறதா என்று நான் பார்க்கிறேன், ஆகட்டும் என்று சைகை காட்டினார்.

முதல் லேப்டாப் அந்தச் சத்தத்தில் முணுமுணுத்தது. இரண்டாவது கத்தப் பார்த்து, தகரத்தைத் தேய்த்த மாதிரி கரகரத்தது. மூன்றாவது பார்க்கச் சுமார்தான். சாம்பல் நிறம், பிளாஸ்டிக் மூடி, நீ படத்தில் பார்த்தால் சிரிப்பாய். உன் அப்பா அதன்முன் உட்கார்ந்தார். லாரி நம்பர் படித்துப் படித்தே இங்கிலீஷ் எழுத்து கற்றவர் இல்லையா, அந்த எழுத்தில் தட்டினால் தமிழாக மாறி வருகிறது. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார்.

ஒரு தரம் என்றது லேப்டாப்.

கடைக் கோடியில் நின்ற வெங்காய மாமா, பழக்கதோஷம், படக்கென்று கையைத் தூக்கிவிட்டார். ஏலம் கேட்கிற மாதிரியே! தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் அந்த மனுஷன் அப்படியே நின்றார். உன் அப்பா தோள் குலுங்குகிறது. அழுகிறார் என்று பயந்துபோனேன். பார்த்தால் சிரிக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான், இதையே கொடு, இவருக்குப் பிடித்துவிட்டது, பை உண்டா, சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும், இவருக்குக் கறுப்புப் பைதான் பிடிக்கும் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன். பக்கத்தில் டொக் டொக் என்று தட்டுகிற சத்தம். அந்தப் பெண்ணும் அதற்குள் டி.வி.யை நிறுத்திவிட்டாள். அத்தனை பெரிய கடையில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி லேப்டாப் சொன்னது, நீ கொஞ்சம் சும்மா இரு, நான் பேசறேன் என்று.

கடையே சிரித்தது. எனக்கு அங்கேயே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் திட்டி நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக விட்டுவிடுவேனா, அழுதுகொண்டே பதிலுக்கு இரண்டு கொடுத்தேன்.

அப்புறம் அவரே பேசினார். சார்ஜ் எத்தனை மணி நேரம் என்று கேட்டார், வெயிலில் எழுத்து தெரியுமா என்று வாசல்வரை தூக்கிப் போய்ப் பார்த்தார், கொஞ்சம் மங்கல்தான், நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். விலை பேசினார் பார், அந்த மேனேஜர் அரண்டுவிட்டார். மனுஷன் ஒரு பதில் சொல்லிவிட்டு, அப்பா தட்டி முடிக்கிறவரை என்ன வரப்போகிறதோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்திலேயே பாதி விலை இறங்கிவிடும் போலிருந்தது! கடைசியில் கொஞ்சம் குறைத்து, பையும் மவுஸும் சும்மா தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

குறை இல்லாமல் இல்லை. கேமரா மட்டம். பேச்சுத் தமிழைச் சில இடத்தில் இழுத்துக் கொலை பண்ணுகிறது. கோபமும் வரவில்லை அதற்கு, ஆச்சரியக்குறி பத்து போட்டாலும் சாந்தமாகவே திட்டுகிறது. போகட்டும், நான் கோபத்தைச் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண் பில் போடப் போனாள். அப்போது உன் அப்பா கையை நீட்டித் தடுத்தார். என்ன என்று கேட்டால் குனிந்து தட்டுகிறார், தட்டுகிறார், அழிக்கிறார், மறுபடி தட்டுகிறார். கடைசியில் சத்தத்தைக் குறைத்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வைத்தார். பாப்பு கேக்கட்டும், அவளுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம் என்றது.

நாலு தெருவுக்குக் கேட்கக் கூவியவர், யாருக்கும் பயப்படாதவர், உனக்குப் பயப்படுகிறார், கண்ணு. இந்த யந்திரக் குரலைக் கேட்டு நீ மிரண்டுவிடுவாயோ, அப்பா இல்லை என்று நினைத்துவிடுவாயோ என்று பயம். நான் போனில் உன்னோடு பேசும்போது அவர் ஏன் தூரமாக நகர்ந்து உட்காராமல் ஒட்டிக்கொண்டே கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண் தங்கம். லேப்டாப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள், நான் முதலில் சொன்ன அந்தச் சனிக்கிழமைவரை யாருக்கும் கொடுக்கமாட்டாளாம். அன்றைக்கு நீ வேலை முடிந்து அறைக்கு வருகிற நேரம் பார்த்து, கடையிலிருந்தே உன்னைக் கூப்பிடப் போகிறோம். போன் வழியாக அது பேசுவது தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அப்பா உன்னிடம் அப்படித்தான் சொல்வார். எது நிஜமான பரீட்சை என்று உனக்கு இப்போது தெரியும். நீ வேண்டாம் என்றால் அவர் மறுபேச்சு இல்லாமல் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் என்னால் கிளப்ப முடியாது.

அன்றைக்கு நான் பேசமாட்டேன், சத்தியமாக. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். போனை எடுத்ததும் முதலில் உனக்கு ஒன்றும் கேட்காது. டொக் டொக் என்று தட்டுகிற சத்தம்தான் கேட்கும், அதுவும் ரொம்ப நேரம். அப்புறம் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் உன்னைப் பாப்பு என்று கூப்பிடுவார். அழுகை வந்தால் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள், அவருக்குக் கேட்கக் கூடாது. பிறகு வழக்கம்போல எதிர்த்துப் பேசு. குளிருக்குக் குல்லாய் போட்டாயா என்று கேட்டால் போடவில்லை என்று சொல், நன்றாகத் திட்டட்டும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், என் தங்கமே. அவர் தட்டி முடிக்கிறவரை மட்டும் போனை வைத்துவிடாதே.

உன்னைத் திட்டுவதற்குத் துணை கிடைக்கப்போகும் மகிழ்ச்சியில்,
அம்மா