கறிவேப்பிலை மரத்தில் பதினான்கு புழு

9-12-1990, ஞாயிறு
நெஞ்சுவலி வந்து ஐந்து வாரம். ஜனவரி முடியும் வரை புல் வெட்டும் மிஷினைத் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் முப்பது வருடமாக என் வாசல் புல்லைப் போல ஒழுங்கான புல் வேறு எந்த வாசலிலும் இருந்ததில்லை. இப்போது முழங்கால் உயரம். மனைவி கனகேஸ்வரி காலையிலேயே தொடங்கிவிட்டாள். "இஞ்சருங்கோ, இது வீடோ காடோ? ஒரு ஆளைப் பிடிச்சு வெட்டுங்கோ."

என் புல்லை இன்னொருவன் வெட்டுவதா? பார்க்கலாம் என்றேன்.

11-12-1990
பழைய பேப்பரில் ஒரு கட்டுரை. தோட்டங்களை ஒட்ட வெட்டுவதால் வண்ணத்துப்பூச்சிகள் குறைந்துகொண்டே போகின்றனவாம். கொஞ்சம் காடாக விட்டால் திரும்பி வருமாம். ஆகா! இனி இது சோம்பல் இல்லை, சேவை. கனகேஸ்வரிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

"பாம்பும் குறையுதெண்டு போட்டிருக்கோ?" என்றாள்.

14-12-1990, வெள்ளி
இன்று அவள் விரதம் தொடங்கினாள். நான் பிழைத்ததற்காகத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம். நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாடு, கடுஞ்சொல் கூடாது, எந்த உயிரையும் கொல்லக் கூடாது. கடுஞ்சொல் விஷயத்தில் முருகன் கொஞ்சம் கண்டும் காணாமல் இருக்க வேண்டும்.

29-12-1990
வந்துவிட்டன! கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. மொத்தம் மூன்று. கனகேஸ்வரியின் கறிவேப்பிலை மரத்தையே சுற்றுகின்றன, இலை இலையாகத் தொட்டுப் பார்க்கின்றன. உன் மரத்தின் அழகு பூச்சிக்கும் தெரிகிறது என்றேன். அவளுக்கே கொஞ்சம் பெருமை.

9-1-1991, புதன்
அழகு பார்க்க வரவில்லை. முட்டையிட வந்திருக்கின்றன. பதினான்கு புழு! குருவி எச்சம் மாதிரி இலையெல்லாம் ஒட்டிக்கொண்டு தின்கின்றன. பூச்சி மருந்தோடு ஓடி வந்தாள்.

"இருபது வருசம் பிள்ளை மாதிரி வளர்த்த மரம்!"

"விரதம்," என்றேன்.

கை அப்படியே நின்றது. "அப்ப நீங்க நசுக்குங்கோ."

"விரதமே எனக்காகத்தானே? நானே கொன்றால் முருகன் என்ன நினைப்பார்?"

நேராகப் போய்க் காலண்டரில் 31ஆம் தேதிக்குச் சிவப்பு வட்டம் போட்டாள். "தைப்பூசம் முடியட்டும். விடியக் காத்தால ஒண்டையும் விட மாட்டன்."

இன்னும் மூன்று வாரம். புழுக்களே, சீக்கிரம் சாப்பிடுங்கள்.

10-1-1991
அவள் என்னோடு பேசவில்லை. புழுக்களோடு பேசினாள். நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை.

17-1-1991
பக்கத்து வீட்டு நூர்ஜான் வழக்கம்போல இலை கேட்டு வந்தாள். அவர்களுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. எத்தனை வருடமாக எங்கள் மரத்து இலைதான். "என்னக்கா, மரம் மொட்டையாப் போச்சுலா?" என்று கேட்டுக்கொண்டே கொப்பைத் தொட்டாள். வளர்ந்து பச்சை நிறமாகிவிட்ட ஒரு புழு தலையிலிருந்து சிவப்புக் கொம்பு இரண்டை நீட்டியது, நாற்றம் வேறு. நூர்ஜான் போட்ட கூச்சலில் புல்லுக்குள் செருப்பு ஒன்று போய்விட்டது. இன்னும் கிடைக்கவில்லை.

25-1-1991
பெரியவை எல்லாம் கூடு கட்டப் போய்விட்டன. ஒன்று புல் வெட்டும் மிஷினின் கைப்பிடியிலேயே தொங்குகிறது. சிரிப்பு வந்தது. பிறகு மரத்தைப் பார்த்தேன். வெறும் ஈர்க்கு. சீ, என்ன மனுஷன் நான்? எனக்காக அவள் பட்டினி கிடக்கிறாள், நான் அவளுடைய மரத்தைப் பூச்சிக்குத் தின்னக் கொடுத்துவிட்டு வக்கீல் மாதிரிப் பேசியிருக்கிறேன். ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

30-1-1991, தைப்பூசம்
பால்குடத்தோடு மேலே ஏறிவிட்டாள். நான் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசியவள், "நாளைக்கு விடியட்டும்," என்றாள்.

31-1-1991
விடிந்ததும் வாளியில் சோப்புத் தண்ணீரோடு போனாள். நான் ஜன்னல் சீலைக்குப் பின்னால். மகா வீரன்! மரத்தடியில் வெகுநேரம் நின்றாள்.

"ஒண்டுதான் கிடக்கு. பிந்திப் பிறந்தது. தின்ன ஒரு இலை இல்லாமல் ஈர்க்கைச் சுத்திச் சுத்தி வருது," என்றாள், என்னைப் பார்க்காமலே. தண்ணீரைச் சாக்கடைக் காணில் ஊற்றினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு நூர்ஜான் வீட்டுக்குப் போனாள்.

யாரிடமும் ஒரு கொத்து இலை கேட்டுப் போகாதவள்.

4-2-1991, திங்கள்
இனிப் புல் வெட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷின் பக்கம் போனேன். "அதைத் தொடாதீங்கோ, பிடியில கூடு இருக்கு!" என்று குசினிக்குள் இருந்து சத்தம்.

மத்தியானம் ரசத்தில் கறிவேப்பிலை இல்லை. நூர்ஜான் பசாரில் வாங்குவதில் தினமும் ஒரு கொத்து தருகிறாளே, அது எங்கே? எட்டிப் பார்த்தேன். பூச்சி மருந்து போக மூன்று தண்ணீரில் கழுவிப் போத்தலில் செருகி ஜன்னலில் வைத்திருக்கிறாள். அதன் மேல் அந்தப் புழு, நன்றாகக் கொழுத்து.

"ரசத்துக்கு இரண்டு இலை போட்டிருக்கலாமே?" என்றேன்.

"உங்களுக்கு இப்ப சுகம்தானே," என்றாள். "அது வளர்ற பிள்ளை."