முத்திரைக்காக மலைக்குச் சென்ற மன்னிப்பு ஓலை

திரு வளர்க, மழை பொழிக, தங்கள் கோட்டையில் எஞ்சியிருக்கும் கதவுகள் நீடு நிற்க. ஆழிக்குடி நாட்டுப் பெருவேந்தர், முத்துக்குடை மூன்றுடையார், அண்மையில் மகளுக்கு மணமுடித்த மாண்பினர் பூதனார் திருமுன்னர்க்கு, வெண்பாழி நாட்டுப் பேரமைச்சர் ஆதிரையனார் தலைதாழ்த்தி, அரண்மனை எழுத்தர் கையால் விடுக்கும் ஓலை.

முகில் மூடிய தொலைமலையில் ஓலைப் பண்டாரம் ஒன்று உளதென்பதையும், நாடுகள் யாவும் தத்தம் ஓலைகளை அங்கு அனுப்பிவிட்டு அரண்மனைப் பெட்டிகளில் வெங்காயம் போட்டு வைத்திருப்பதையும் தாங்கள் அறிவீர்கள். பல நாட்டு ஓலைகளை ஒன்றாகப் பிணைத்து எவரும் எண்ணாத புதுப்பயன் காண்பதே வருங்காலம் என்று பண்டாரத் தலைவர் சொல்லியனுப்பியபோதே ஆதிரையனார் தடுத்துப் பார்த்தார். எம் மன்னரோ மனங்குளிர்ந்து அத்தலைவர்க்குப் பட்டாடை அனுப்பினார்.

அதன் பயன் இதோ. தங்கள் நாட்டின்மீது படையெடுக்க எம் மன்னர் வரைந்த ஓலையும், தங்கள் மகளார் திருமணத்திற்குத் தாங்கள் வரைந்த ஓலையும் அங்கே ஒன்றாகப் பிணைக்கப்பட்டுவிட்டன. எம் படைத்தலைவன் இளங்கோடன் ஓலையில் கண்டதை எழுத்துக்கு எழுத்து செய்து முடிப்பவன். ஆதலால் வைகறையில் கீழைவாயிலை யானைகொண்டு தகர்த்து, எதிர்த்து வந்த தங்கள் வீரர்மீது பன்னீர் தெளித்து, மணமக்கள்மீது அட்சதை தூவி, படை முழுவதையும் முதற்பந்தியில் அமர்த்தினான். பாயசம் மீண்டும் கேட்டான் என்றும் அறிகிறோம். அது ஓலையில் இல்லை. அதற்குத் தனியே மன்னிப்பு வேண்டுகிறோம்.

இப்போது அவன் தங்கள் சிறையில் இருக்கிறான். வெண்பாழி முத்திரையிட்டு எழுதும் விளக்கம் வந்த பின்பே அவன் தலை தங்குமா என்று முடிவாகும் எனத் தாங்கள் அருளியதாகத் தூதர் கூறினார். மறைப்பானேன், இளங்கோடன் ஆதிரையனாரின் ஒரே மகன். கிழவர்க்குச் சோறு இறங்கவில்லை. அவனை உயிரோடு பார்த்தால் போதும், அமைச்சும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம் என்கிறார்.

இவ்வோலை தொலைமலைப் பக்கமே போகக்கூடாதென்று அவர் மன்னரிடம் மன்றாடினார். ஆனால் அரச முத்திரையும் இப்போது அங்கேதான் இருக்கிறது. புளிங்காட்டு அரசியாரின் ஊறுகாய் ஓலைகளுக்கு அருகில் மட்டும் இதை வைத்துவிட வேண்டாமென்று பண்டாரத்தாரிடம் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர்களும் கவலை வேண்டாம் என்றனர்.

ஆகவே, வேந்தே, ஒரு தந்தையின் கண்ணீருக்கு இரங்கி, இளங்கோடனைச் சிறையினின்று வெளியே எடுத்து, நன்கு கழுவித் துடைத்து, நான்காக நறுக்கி, கல்லுப்பிட்டு, வாய்குறுகிய சாடியில் அடைத்து, நல்ல வெயிலில் வைக்குமாறு வேண்டுகிறோம்.

இது வெண்பாழி மன்னர் திருவாணை. தொலைமலைப் பண்டாரத்தில் பிழையறப் பிணைத்து, முத்திரையிடப்பட்டது.