இடுப்பில் லாட மோதிரம்

12.9.96 வியாழன்

மழை இல்லை. நல்லவேளை. கெலுகோர் லேபிலிருந்து கெடா பக்கம் ஒரு குன்றுக்கு. நான், பாஸ், உதவியாளர் சாந்தி. கூடவே புது சென்சார். மீக்கடத்தி. திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைத்தால்தான் வேலை செய்யும். கைக்குழந்தை மாதிரி தூக்கிப் போக வேண்டும்.

தரையில் வயர் விரித்து, கரண்ட் விட்டு, நிறுத்துவது. அடியில் தாது இருந்தால் சிக்னல் சட்டென்று நிற்காது, மெல்ல அடங்கும். சென்சாரை ஒட்டி வேறு உலோகம் இருந்தாலும் அப்படித்தான். அதனால் சாவி, வாட்ச், பெல்ட் எல்லாம் காரிலேயே. சோதிப்பது என் பொறுப்பு. சாந்தி தலையில் ஒரு ஹேர்பின். பாஸ் எதிரிலேயே கத்தினேன். "மறந்துட்டேன்ணே" என்றாள், முகம் சுண்டிப்போய்.

கடைசிச் சரிவில் ஸ்டாண்டு ஆடியது. இடுப்பை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். அங்கேதான் சிக்னல்! பாஸ் துள்ளிக் குதித்தார்.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனால், அரைஞாண் கயிற்றில் மோதிரம். குதிரை லாட இரும்பு. எனக்கு ஏழரைச் சனி என்று மனைவி கமலா மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிப் போட்டது. காலையில் கழற்றப் போனபோது, "விரல்ல வேணாம்னா இடுப்புல கட்டுங்க. உடம்ப விட்டு எறங்கக் கூடாது லா" என்றாள். கட்டினேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

பௌதிகம் படித்தவனாம். அடுத்தவர்களைச் சோதிப்பவனாம்.

14.9 சனி

வெயில். வாங்க வேண்டியது: கற்பூரம், எள், கார் வைப்பர். கோயில்.

பாஸ் போன். சரிவில் துளை போட ஆள் பேசப் போகிறாராம். அதற்கு முன் திங்கட்கிழமை ஒரு தடவை அளந்து பார்க்கலாம் என்றார். "சரி சார்." அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தாது அகப்படவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. ஏழரைச் சனிக்குப் பயந்து இரும்பு கட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

16.9 திங்கள்

அதே சரிவு. மோதிரம் வீட்டில். ஸ்டாண்டுக்கு மணல் மூட்டை. சிக்னல் இல்லை.

அன்றைக்கு யாரிடம் உலோகம் இருந்தது என்று பாஸ் கேட்டார். நான் குனிந்து வயரைச் சுருட்டினேன்.

"நானாத்தான் இருக்கும் சார்," சாந்தி. தரையைப் பார்த்தபடி. "உள்ள போட்டிருந்ததுல கொக்கி இருந்துச்சு. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த சர்வேக்கு அவள் வர வேண்டாமாம். கோபத்தில் அவர் யோசிக்கவில்லை. அவள் தூரத்தில் மீட்டர் பக்கம் அல்லவா நின்றாள். அந்தக் கொக்கி ஒன்றும் செய்திருக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

காரில் திரும்பினோம். செபராங் ஜெயாவில் அவளை இறக்கிவிட்டோம். "சாரிண்ணே" என்றாள். என்னிடம்!



18.9 புதன்

மூட்டம். லேபில் சாந்தியும் நானும் மட்டும். சென்சார் பக்கத்தில் மோதிரத்தை வைத்தேன். ஸ்கிரீனைப் பார் என்றேன். குன்றில் வந்த அதே சிக்னல்.

"இது அன்னைக்கு எங்கண்ணே இருந்துச்சு?"

"என் இடுப்புல."

மோதிரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் அவருகிட்ட அதச் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"பாஸ்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

நானே சொல்கிறேன் என்றேன். பாஸ் ஈப்போவில். வெள்ளிக்கிழமைதான் வருவார். அது ஞாபகம் வந்ததும் மனசு லேசானது.

சீ.