அழுத்தம் இறங்கிய குழாய்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க மல்லசமுத்திரம் பக்கத்தில் நாங்கள் இறக்கியிருக்கும் குழாயில் மதியம் முதல் அழுத்தம் குறைந்துகொண்டே இருக்கிறது. ஆழத்துக்குப் போய்ச் சூடாகித் திரும்பும் தண்ணீர் வெளியே ஒரு சொட்டும் கசியாது என்று ஊர்க்கூட்டத்தில் உறுதி சொன்னவள் நான்தான். குழாய் துருப்பிடிக்காமலிருக்க அந்தத் தண்ணீரில், குடித்தால் ஆகாத மருந்து கலந்திருக்கிறோம்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "மீட்டர் கோளாறா இருக்கும், காலையில பாத்துக்கலாம்" என்றார்.

மாலையில் பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி அக்கா சொம்புடன் வந்தார். "ஏஞ்சாமி, எங்க போர் தண்ணி ஒரு மாதிரி கசக்குது. உங்க குழாய்னால இல்லையே?"

"இல்லீங்கக்கா." வாய் முந்திக்கொண்டது.

"நீ சொன்னாச் சரி சாமி" என்று என் முன்னாலேயே சொம்பைச் சாய்த்துக் குடித்தார். நான் தடுக்கவில்லை.

எட்டு மணிக்கு மனம் பொறுக்காமல் அவர் வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, குழாய் கசியுதோன்னு எனக்குப் பயமா இருக்குங்க. தண்ணியச் சோதிக்கிற வரைக்கும் யாரும் குடிக்காதீங்க."

அவர் திட்டவில்லை. "நான் குடிச்சுப்போட்டனே சாமி?" என்று மட்டும் கேட்டார்.

மீட்டரை இப்போதும் பார்த்தேன். இன்னும் இறங்கியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, அவர் வீட்டு விளக்கு அணையவில்லை.